புதிய இயங்குதளமும் பழைய அமானிதமும்

 

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த அந்த மென்பொருள் பத்தாண்டுகளாக நம் வீடுகளிலும் கடைகளிலும் பள்ளிவாசல் அலுவலகங்களிலும் ஓடியது. அந்த நாளுக்குப் பிறகும் கணினி வழக்கம்போலத் திறக்கிறது. கடிதம் அடிக்கலாம், கணக்கு எழுதலாம், அச்சும் எடுக்கலாம். ஆனால் இனிமேல் அதில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடைப்பு தானாக வந்து சேராது.

இதையொட்டி, கீழப்பழுவூரில் நாம் பணியாற்றும் மத்ரஸாவிலும் நமக்கு அறிமுகமான வேறு சில ஜமாஅத்துகளிலும் ஒரே கேள்வி எழுந்துள்ளது. பழையதிலேயே இருப்பதா, புதியதற்கு மாறுவதா? மாறுவதென்றால் எப்போது? இனி வரப்போகும் பதிப்புகளை வந்தவுடன் ஏற்பதா, பொறுத்திருப்பதா? கேட்பதற்கு இது சிறிய அலுவலகக் காரியமாகத் தோன்றலாம். அந்தக் கணினிக்குள் இருப்பவை என்னென்ன என்று எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பிள்ளைகளின் சேர்க்கைப் பதிவேடு, ஹிஃப்ளு மாணவர் ஒவ்வொருவரும் எந்த ஜுஸ்உ வரை மனனம் செய்துள்ளார் என்ற குறிப்பு, சந்தாக் கணக்கு, ஜகாத் பெறத் தகுதியுடையோர் பட்டியல், நிகாஹ் பதிவேட்டின் நகல், பள்ளிவாசல் மனைக்கும் கபரஸ்தானுக்கும் உரிய பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள். இவற்றில் ஒன்றுகூட நமக்குச் சொந்தமானதன்று. ஜகாத் பட்டியல் வெளியே கசிந்தால் ஓர் ஏழைக் குடும்பத்தின் மானம் சந்திக்கு வந்துவிடும். பத்திரப் பிரதி அழிந்தால் அதை மீண்டும் தேடி எடுக்கப் பதிவு அலுவலகத்துக்குப் பலமுறை அலைய நேரிடும். மார்க்கம் அமானிதம் என்று எதைச் சொல்கிறதோ அதுதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே இயங்குதளத்தை மாற்றும் முடிவும் அமானிதத்தைப் பேணுவது பற்றிய முடிவே ஆகும்.

இரு தரப்பாரின் வாதங்கள்

சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் கணினித் துறையில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, "இன்னுமா உஸ்தாத் இதையே வச்சிருக்கீங்க? புதுசு வந்த அன்னிக்கே போட்டிருக்கணும்" என்கின்றனர். அவர்களுடைய வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. நம் சமுதாயம் புதிய கருவிகளைத் தாமதமாக ஏற்றதால் இழந்தவை உண்டு என்பதை வரலாறு காட்டுகிறது. ஐரோப்பாவில் கூட்டன்பர்க்கின் அச்சகம் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. உஸ்மானியத் தலைநகரில் துருக்கி மொழி நூல்களை அச்சிட இப்ராஹீம் முதஃபர்ரிகாவுக்கு அனுமதி கிடைத்ததோ 1727இல்; அதுவும் மார்க்க நூல்கள் நீங்கலாக. அந்த இடைவெளியை எண்ணி இன்றும் வருந்துவோர் உள்ளனர்.

மறுபக்கம் முத்தவல்லிமார்களும் ஜமாஅத்துப் பெரியவர்களும், "நல்லாத்தானே ஓடுது ஹஜ்ரத், ஓடுறதை எதுக்கு நோண்டணும்?" என்கின்றனர். இதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜமாஅத்துப் பணத்தில் வாங்கிய பொருள் அது. லாரி ஓட்டுநரும் சிமெண்டு ஆலைத் தொழிலாளியும் மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த சந்தா அது. நன்றாக இருக்கும் பொருளை விட்டுவிட்டுப் புதியதை வாங்குவது வீண்விரயம் ஆகாதா என்று அவர்கள் கேட்பதில் இறையச்சமும் கலந்திருக்கிறது.

நாம் இரு தரப்பையும் கேட்டோம். பிறருடைய அமானிதத்தைச் சுமக்கும் கணினியில் பழுதுநீக்கத்தை உடனே ஏற்க வேண்டும். புதிய பதிப்பைப் பொறுத்து ஏற்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு ஒரு முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். இதுவே நம் கருத்து. காரணங்களைக் கீழே தருகிறோம்.

அஷஜ்ஜு (ரலி) அவர்களின் நிதானம்

அப்துல் கைஸ் குலத்துத் தூதுக்குழுவினர் நபி (ஸல்) அவர்களைக் காண மதீனாவுக்கு வந்த நிகழ்ச்சியை ஆலிம்கள் பலரும் பாடத்தில் ஓதியிருப்பர். நபியவர்களைக் கண்ட ஆவலில் குழுவினர் வாகனங்களிலிருந்து இறங்கி விரைந்து ஓடினர். அவர்களுள் ஒருவரான அஷஜ்ஜு (ரலி) மட்டும் பின்தங்கினார். தோழர்களின் மூட்டைமுடிச்சுகளை ஒழுங்குபடுத்தி, ஒட்டகத்தைக் கட்டி, நல்லாடை உடுத்தி, அதன் பிறகே நபியவர்களின் சமூகத்துக்கு வந்தார். அவரிடம் அல்லாஹ் நேசிக்கும் இரு பண்புகள் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். சகிப்புத்தன்மையும் நிதானமுமே அந்த இரண்டு.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அஷஜ்ஜு (ரலி) சும்மா நின்று தாமதிக்கவில்லை. அந்த நேரத்தில் பிறருடைய பொருள்களைப் பத்திரப்படுத்தினார். இரண்டு, அவர் வராமல் இருந்துவிடவில்லை. பணி முடிந்ததும் வந்து சேர்ந்தார். பொருளைப் பத்திரப்படுத்தாமல் ஓடுவது அவசரம். பத்திரப்படுத்துவதைச் சாக்காக வைத்து அங்கேயே உட்கார்ந்துவிடுவது சோம்பல். நிதானம் இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது.

பழுதுநீக்கம் வேறு, புதிய பதிப்பு வேறு

இந்த விவாதத்தில் ஏற்படும் குழப்பத்துக்கு முதற்காரணம், இரு வேறு காரியங்களை "அப்டேட்" என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பதுதான். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் கெட்டால் சரிசெய்வது ஒன்று. வீட்டையே மாற்றிக் குடிபோவது வேறொன்று. மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தம் தாழ்ப்பாளைச் சரிசெய்வது போன்றது. புதிய இயங்குதளம் என்பது குடிமாறுவது.

தாழ்ப்பாளைச் சரிசெய்யத் தாமதித்தால் நேர்வது என்ன என்பதை 2017ஆம் ஆண்டு உலகம் கண்டது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு அவ்வாண்டு மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டையின் வழியாக வான்னாக்ரை என்னும் தீநிரல் நாடு நாடாகப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிட 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆந்திர மாநிலக் காவல்துறையின் கணினிகள் சிலவும் சிக்கின. இலவசமாகக் கிடைத்த ஒரு திருத்தத்தை உரிய நேரத்தில் நிறுவியிருந்தால் இவற்றுள் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

குடிமாறுவதில் அவசரப்பட்டால் நேர்வதற்கும் சான்று உண்டு. விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர்ப் பதிப்பு அம்மாதம் 2ஆம் தேதி வெளிவந்தது. அதை நிறுவியவர்களுள் சிலருடைய ஆவணங்களும் புகைப்படங்களும் அழிந்துபோயின. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. கோப்பு இழப்பு பற்றிப் புகார் வந்தது பத்தாயிரம் நிறுவல்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் என்று அந்நிறுவனம் விளக்கியது. பத்தாயிரத்தில் ஒன்று என்பது சிறிய எண்தான். அந்த ஒன்று ஒரு ஜமாஅத்தின் கணினியாக இருந்தால் அங்கே போனது முழுவதும் போனதுதான். ஆறு வாரம் பொறுத்தவர்களுக்கு அந்த ஆபத்து வரவேயில்லை.

விண்டோஸ் 11 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்தபோதும் முதல் வாரங்களில் ஏஎம்டி செயலி பொருத்திய கணினிகளில் வேகம் குறைந்தது. அம்மாத இறுதிக்குள் திருத்தங்கள் வந்தன. முதலில் சென்றவர்கள் வழியில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டனர். பின்னால் வந்தவர்கள் தடையின்றி நடந்தனர்.

திருத்தமே தீங்கிழைத்த நிகழ்வும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். இதைக் காட்டித் திருத்தமே வேண்டாம் என்பது பொருந்தாது. இரண்டு கணினிகள் இருந்தால் இன்று ஒன்றில் நிறுவி, நாளை மற்றொன்றில் நிறுவ வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை.

பெரிய நிறுவனங்கள் நடந்துகொள்ளும் விதம்

பொறுத்து ஏற்பது பின்தங்கியோரின் பழக்கம் என்று நம் இளைஞர்கள் எண்ண வேண்டாம். உபுண்டு லினக்ஸை உருவாக்குவோர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் நீண்டகால ஆதரவுப் பதிப்பை வெளியிடுகின்றனர். ஆனால் முந்தைய நீண்டகாலப் பதிப்பை வைத்திருப்போருக்கு மாறச் சொல்லும் அழைப்பை அன்றே அனுப்புவதில்லை. சில மாதங்கள் கழித்து முதல் திருத்தப் பதிப்பு வந்த பின்னரே அனுப்புகின்றனர். தயாரிப்பாளரே "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லும்போது நாம் ஏன் முந்த வேண்டும்?

பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகள் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. 2018 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென அமைக்கப்பட்ட பதிப்பைப் பற்றி 2019 மே மாதத்தில்தான் அறிவிப்பு வந்தது. ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, தம் பாடத்துக்கு வேண்டிய செயலிகளைச் சேர்த்து, அதன் பிறகே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குக் கொண்டு சென்றனர். மென்பொருள் உரிமத்துக்காகச் செலவாகக்கூடிய 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அப்போது கூறப்பட்டது. தாமதித்ததால் அந்தப் பிள்ளைகள் எதையும் இழந்துவிடவில்லை.

நம் மாநிலத்திலும் முன்னுதாரணங்கள் உண்டு. எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் லினக்ஸைப் பரப்ப முற்பட்டபோது தன் அலுவலகக் கணினிகளையே மாற்றிக் காட்டியது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளைக் கேட்டுக்கொண்டது. முடிவுத் தேதி வந்தால் நகர்ந்தாக வேண்டும் என்பதை அரசும் உணர்ந்திருந்தது.

இந்த இடத்தில் பெரியவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. விண்டோஸ் 11ஐ இன்னும் "புதுசு" என்று எண்ணி அஞ்சத் தேவையில்லை. அது வந்து நான்காண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நமக்குப் பழக்கமில்லாததால் அது புதிதாகத் தெரிகிறது. அதற்காகப் பொறுத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. பொறுமை பற்றி நாம் சொல்வது இனி வரும் பதிப்புகளுக்கே பொருந்தும்.

முதலில் செல்ல வேண்டியவர் யார்?

எல்லாரும் பொறுத்திருந்தால் குறைகளைக் கண்டுபிடிப்பவர் யார் என்ற கேள்வி நியாயமானது. யாரேனும் முன்னே செல்லத்தான் வேண்டும். நேரமும் அறிவும் உள்ளவர், தமக்குச் சொந்தமான கணினியில், பிறருடைய ஆவணம் எதுவும் இல்லாத நிலையில், புதிய பதிப்பை முதல் நாளே நிறுவிப் பார்க்கலாம். சோதனைப் பதிப்புகளையும் நிறுவலாம். அதில் கண்டதை ஊராருக்குச் சொன்னால் அது நற்சேவையாகவும் அமையும். இன்ஷா அல்லாஹ் அதற்குக் கூலியும் உண்டு. நம் இளைஞர்களின் ஆர்வத்துக்கு உரிய இடம் அதுதான். ஒரே ஆளின் துணிச்சல் ஒரே ஆளின் பொருளோடு நிற்க வேண்டும். ஜமாஅத்துக் கணினியில் துணிச்சலைக் காட்ட நமக்கு அனுமதி கொடுத்தவர் யார்?

மாறுவதற்கான வேளை

எந்த மாதத்தில் மாறுகிறோம் என்பதும் முக்கியம். அண்மைய நிகழ்வு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்றுவதற்கான உமீத் இணையத்தளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்டது. ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. விண்டோஸ் 10இன் முடிவுத் தேதியோ அந்த ஆறு மாதத்துக்குள் வந்தது. பத்திரம், பட்டா, சர்வே எண் என்று முத்தவல்லிமார்கள் ஓடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் அதே கணினியின் இயங்குதளத்தைப் பிரித்து மாற்றுவது அறிவுடைமை ஆகாது. ஸ்கேனர் புதியதில் இயங்காமல் போனாலே போதும், ஒரு வாரம் வீணாகிவிடும். பதிவேற்றம் முடியும்வரை பழையதில் இருந்து, முடிந்தவுடன் மாறுவதே முறை.

நம் பகுதிக்கு வேறு சில நடைமுறைகளும் உள்ளன. புதிய பதிப்பு ஒன்று பல ஜிபி அளவுடையது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைபேசி இணைப்பைக் கொண்டு அதை இறக்கத் தொடங்கினால் பாதியில் நிற்கும். மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கணினி மீண்டும் திறக்காமலும் போகலாம். ஆகவே யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. மாணவர் சேர்க்கை நடக்கும் ஷவ்வால் மாதமும், ஜகாத், ஃபித்ரா கணக்குகள் குவியும் ரமலானும் இதற்கு உகந்தவையல்ல. மத்ரஸா விடுமுறை நாள்களில் செய்வது நலம்.

தமிழ், அரபி எழுத்துகள்

நகரத்து நிபுணர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் சிக்கல் ஒன்று நம்மிடம் உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் நம் மத்ரஸாக்களில் ஏராளம். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பத்தாண்டு வினாத்தாள் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நாமோ இன்னும் பழைய முறையில் அடித்துக்கொண்டிருக்கிறோம். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் இந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதும், எழுத்துருக் கோப்புகளைத் தனியே எடுத்து வைப்பதும் கட்டாயம்.

அரபி, உருதுப் பாடங்களை இன்பேஜ் மென்பொருளில் அமைத்திருந்தால், அது புதிய தளத்தில் திறக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஹரகத்துகள் இடம் மாறாமல் நிற்கின்றனவா என்று வரி வரியாக ஒப்பிடவும் வேண்டும். ஓர் ஆயத்தில் ஒரு ஃபத்ஹா விலகினாலும் பொருள் பிறழும் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. கணக்குக்கு டேலி வைத்திருப்போரும் அவ்வாறே சரிபார்க்க வேண்டும். லினக்ஸுக்கு மாற எண்ணுவோர் இவ்விரண்டும் அதில் நேரடியாக இயங்குவதில்லை என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

பழைய கணினிக்கு என்ன வழி?

விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் எனில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகிய செயலியும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். தகுதி உள்ளதா என்று பார்க்க மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலி உண்டு. சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினாலே தகுதி வந்துவிடும். புதிய கணினி வாங்க விலை கேட்பதற்கு முன் இதைப் பார்ப்பது நம் கடமை.

தகுதியில்லாத கணினிக்கு நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, கட்டுப்பாட்டை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றுவது. அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. பாதுகாப்புக்காக மாறிவிட்டு அந்தப் பாதுகாப்பையே இழப்பதில் என்ன பயன்?

இரண்டாவது, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்வது. தனிநபர் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் உண்டு. வீட்டில் வைத்திருப்போருக்கு இது மூச்சுவிடும் அவகாசம். அந்த அவகாசத்தில் அடுத்த ஏற்பாட்டைச் செய்யாவிட்டால் ஓராண்டு கழித்து இதே கேள்வியில்தான் நிற்போம்.

மூன்றாவது, லினக்ஸ். கடிதம், கணக்குப் பட்டியல், இணையம், அச்சு ஆகியவை மட்டும் போதும் என்றால் பழைய கணினிக்கு இதுவே சிறந்த வழி என்பது நம் எண்ணம். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம்; ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. அம்மடிக்கணினிகள் பல நம் வீடுகளில் பரணில் தூங்குகின்றன. இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் மக்தப் பிள்ளைகள் தமிழ் தட்டச்சு பழகவேனும் அவை உதவும். இருக்கும் பொருளைப் பயன்படுத்துவது வீண்விரயத்தைத் தடுக்கும் வழியல்லவா?

நான்காவது, புதிய கணினி. இன்பேஜ், டேலி போன்றவை இன்றியமையாதவை என்றால் இதுவே வழி. அப்போதும் ஒன்று போதும். அமானிதமான ஆவணங்கள் அதில் இருக்கட்டும். பழையவற்றை லினக்ஸில் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொல்லப்படாத ஐந்தாவது வழி ஒன்று கடைகளில் உண்டு. "ஐநூறு ரூபா கொடுங்க ஹஜ்ரத், புதுசு போட்டுத் தர்றேன்" என்று கள்ளப் பிரதியை ஏற்றிக் கொடுப்பது. காப்புரிமை முதலிய உரிமைகள் ஷரீஅத்தின்படி பாதுகாக்கப்பட வேண்டியவை, அவற்றை மீறக் கூடாது என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்துள்ளது. ஹலால், ஹராம் கற்பிக்கும் இடத்தில் பிறருடைய உழைப்பை உரிமையின்றி எடுத்து வைத்திருப்பது நமக்குத் தகுமா? மேலும், பூட்டை உடைக்கும் அந்தச் செயலிகள் தீநிரலைச் சுமந்து வருவதும், திருத்தங்களை வரவிடாமல் தடுத்துவைப்பதும் வழக்கம். விலையின்றி, முறைப்படியே கிடைக்கும் லினக்ஸ் இருக்கும்போது இந்த வழிக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை.

நாம் முன்வைக்கும் நடைமுறை

ஜமாஅத்துகளும் மத்ரஸாக்களும் பின்வருமாறு ஒரு தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டால், ஆள் மாறினாலும் வழி மாறாது.

1. பாதுகாப்புத் திருத்தங்களை வந்த வாரத்திலேயே நிறுவ வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் இருப்பின் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும்.

2. புதிய இயங்குதளத்தையோ பெரிய புதிய பதிப்பையோ வெளிவந்து ஆறு மாதங்களாவது ஆன பிறகே ஏற்க வேண்டும். விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்புக்கு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 24 மாத ஆதரவு உண்டு என்பதால் இந்தப் பொறுமைக்கு இடம் இருக்கிறது.

3. பழையதற்கு முடிவுத் தேதி எது என்று சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே மாற்றம் முடிந்திருக்க வேண்டும்.

4. மாறுவதற்கு முன் ஆவணங்களின் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம். பிரதி எடுத்ததோடு நில்லாமல், அதிலிருந்து நான்கு கோப்புகளையாவது வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பிரதியை நம்பிப் பயனில்லை.

5. ஜகாத் பட்டியல் போன்ற அந்தரங்க ஆவணங்களுக்குக் கடவுச்சொல் இட வேண்டும். கணினியைப் பழுதுபார்க்கக் கடைக்கு அனுப்பும் முன் அவற்றை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

6. மாற்றத்தைச் செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்று இருவரை நியமிக்க வேண்டும். இளைஞர் ஒருவரும் பெரியவர் ஒருவருமாக அவ்விருவர் இருந்தால் இன்னும் நலம்.

ஆறு மாதம் என்ற அளவை நாம் வஹீயைப் போல் சொல்லவில்லை. அனுபவமுள்ள ஒருவர் அதை எட்டாக்கவோ நான்காக்கவோ செய்யலாம். அளவு எதுவாயினும் தேதி ஒன்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் நாம் உறுதியாக இருக்கிறோம். தேதி குறிக்காமல் "பார்ப்போம்" என்று தள்ளிவைக்கும் பெரியவரும், தேதியே பாராமல் "போட்டுடலாம்" என்று அவசரப்படும் இளைஞரும் இறுதியில் ஒரே தீங்கைத்தான் இழைக்கின்றனர். தம்மை நம்பி ஒப்படைத்தவரின் பொருளை இருவருமே ஆபத்தில் நிறுத்துகின்றனர்.

இந்த வாரமே உங்கள் பள்ளிவாசல் அலுவலகத்துக்குச் சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கணினியில் ஓடும் இயங்குதளம் எது? அதன் முடிவுத் தேதி எது? கடைசியாகப் பிரதி எடுத்த நாள் எது? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டால் குறை சொல்லிவிட்டுத் திரும்பாமல், பக்கத்தில் அமர்ந்து பதிலைத் தேடித் தாருங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணும் அறிவையும், அவசரத்துக்கும் அலட்சியத்துக்கும் இடையே நிதானத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்கி அருள்வானாக! ஆமீன்.